காதில் பட்டன் மாட்டிய கரடி பொம்மை



இந்த மாதப் பாடம் ஒரு பொம்மையைப் பற்றியது. பொம்மைக்கெல்லாம் ஒரு பாடமா என்று கேட்காதீங்க, படிச்சுட்டு சொல்லுங்க. கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். கொஞ்சம் நீளம்தான். இரண்டு கூட்டத்துக்குப் பிரித்துக்கொண்டாலும் சரி.

முதலில் இதை ஏன் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லிடறேன். சில மாதம் முன்பு ஒரு குழுவில் தையல் பயிற்சிக்குப் பெயர் எடுத்தோம். பத்துப் பேர் கை தூக்கினாங்க. சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு தங்கையின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவர். சேமிப்பு ஒரு மாதம்கூட தவறியதில்லை. அந்தக் குழுவின் தீர்மான நோட்டை எழுதுவதே அவர்தான். "அவளால பெடல் மிதிக்க முடியாதே மேடம்" என்று ஊக்குநர் அக்கா சொன்னாங்க. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். சமூகப்பணி பட்டம் வாங்கியவள் நான். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. அப்போது ஞாபகத்துக்கு வந்தவர்தான் மார்கரெட் ஸ்டைஃப்.

இவர் நம்ம ஊர்க்காரர் இல்லை. ஜெர்மனி நாட்டின் தெற்கே, பிரென்ஸ் ஆற்றின் கரையில் கீங்கன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1847 ஜூலை 24-ல் பிறந்தார். அப்பா கட்டிட வேலை எடுத்துச் செய்பவர். ஒன்றரை வயதில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது இரண்டு காலும் விளங்கவில்லை, வலது கையிலும் பலம் போய்விட்டது. அதே இளம்பிள்ளை வாதம்தான். அதற்குத் தடுப்பு மருந்து வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது.

வீட்டுக்குள்ளேயே போட்டு வைக்கவில்லை. கூடப் பிறந்தவர்களும் தெருப் பிள்ளைகளும் ஒரு சின்ன இழுவண்டியில் உட்கார வைத்து பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு அம்மா தினமும் தூக்கிக்கொண்டு படி ஏற்றிவிடுவாராம். (அந்த அம்மா பெயரை எந்தப் பொம்மையிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான்.) வைத்தியத்துக்கு வெளியூர் ஆஸ்பத்திரி, வெந்நீர் ஊற்று என்று வீட்டார் அலைந்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. பதினேழு வயது வாக்கில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார்: இனி குணமாகும் குணமாகும் என்று காத்துக் கிடப்பதில்லை, இருக்கிற உடம்போடு பிழைக்க வேண்டியதுதான்.

தையல் பள்ளியில் சேர்ந்தார். ஒரு கையால் ஊசி பிடித்துத் தைக்கப் பழகுவது என்ன பாடு என்று தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆரம்பத்தில் அவர் தைத்தது கோணலாகத்தான் வந்தது. விடவில்லை. பதினேழு வயதில் தையல்காரியாகப் பயிற்சி முடித்தார். ஸிதர் என்று மடியில் வைத்து மீட்டும் ஒரு தந்தி வாத்தியம் உண்டு, அதையும் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் காசு சேர்த்தார். அக்காமாரோடு சேர்ந்து துணி தைக்க ஆரம்பித்து, பிறகு ஒரு தையல் மிஷின் வாங்கினார். கீங்கன் ஊருக்கே வந்த முதல் மிஷின் அது என்று சொல்வார்கள்.

இப்போது மிஷினை மனதில் வைத்துப் பாருங்க. கைச்சக்கரம் எந்தப் பக்கம் இருக்கும்? வலது பக்கம். மார்கரெட்டுக்கு வலது கை வராது. என்ன செய்தார் தெரியுமா? மிஷினையே திருப்பிப் போட்டுவிட்டார். முன்பக்கம் பின்னால், பின்பக்கம் முன்னால். சக்கரம் இடது கைப் பக்கம் வந்துவிட்டது. பின்பக்கமாக உட்கார்ந்து தைத்தார். அதற்கென்று தனி மிஷின் எவரும் செய்து தரவில்லை, மானியமும் கிடையாது.

1874-ல் அப்பா வீட்டிலேயே ஒரு பகுதியை மாற்றிக் கட்டி தையல் அறை ஆக்கிக் கொடுத்தார். 1877-ல் மார்கரெட் தன் பெயரில் தொழில் தொடங்கினார். வயது முப்பது. செய்தது ஃபெல்ட் துணியில் உள்பாவாடையும் குளிர்கால உடுப்பும். ஃபெல்ட்டைத் தேர்ந்ததற்குக் காரணம், அந்தத் துணி செய்யும் ஆலை உள்ளூரிலேயே இருந்தது. அந்த வட்டாரத்தில் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில்! நம்ம பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் இது.

ஃபெல்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பின்னால் நடந்தது எல்லாம் அந்தத் துணியின் குணத்தால்தான். அது நெய்த துணி இல்லை. ஆட்டு ரோமத்தைச் சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தி அழுத்தி, ரோமம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தகடு மாதிரி ஆகும்படி செய்வது. ஊடும் பாவும் இல்லாததால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. ஓரம் மடிக்க வேண்டாம், ஓவர்லாக் வேண்டாம். உள்ளங்கை அளவு பிட்டைக்கூட வளைத்து வெட்டித் தைக்கலாம். உள்பாவாடை வெட்டினால் பிட் துணி மிஞ்சும் இல்லையா? அதுவும் வீணாகாத துணி.

1879 டிசம்பரில் ஒரு பெண்கள் ஃபேஷன் பத்திரிகையில் குட்டி யானை ஒன்றின் பேட்டர்ன் வந்திருந்தது. அதைப் பார்த்து மார்கரெட் ஃபெல்ட்டில் யானை வெட்டி, உள்ளே ஆட்டு ரோமம் அடைத்துத் தைத்தார். பொம்மை என்று நினைத்துச் செய்யவில்லை. ஊசி குத்தி வைக்கிற சின்ன மெத்தையாகத்தான் செய்தார், தையல்காரி வேறு என்ன செய்வார்? தெரிந்தவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். வாங்கிப்போன வீடுகளில் ஊசி குத்தப் பெரியவர்கள் தேடும்போது யானை இல்லை. பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் பொம்மை பெரும்பாலும் மரம், தகரம், பீங்கான். கட்டிப்பிடித்துத் தூங்க முடியாது. மெத்தென்று ஒரு மிருகம் கைக்குக் கிடைத்தால் பிள்ளை விடுமா?

"ஊசி மெத்தையைப் பிள்ளைகள் பாழாக்குறாங்களே" என்று அவர் வருத்தப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வாங்கினவர்கள் பொருளை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார், அதன்படி மாறினார். தம்பி பிரிட்ஸ் ஒரு மூட்டை யானையைப் பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்குக் கொண்டுபோனார், விற்றுத் தீர்ந்தது. 1886-க்குள் 5,000 யானைகளுக்கு மேல் போய்விட்டது. பிறகு குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம், பன்றி, நாய், பூனை. 1892-ல் படம் போட்ட விலைப் புத்தகம் அச்சடித்தார். குழந்தைகளுக்கு மிகச் சிறந்தது மட்டும்தான் தகும் என்பது அவருடைய தொழில் வாக்கு. எந்தப் புது மாதிரி வந்தாலும் முதல் சாம்பிளைத் தானே தைத்துப் பார்ப்பார். எந்த இடத்தில் இழுக்கிறது, எங்கே தையல் தெறிக்கும் என்று தன் கையால் தெரிந்துகொண்ட பிறகே மற்றவர்களிடம் கொடுப்பார். இதை வாசித்தபோது எனக்கு நம்ம கண்காட்சி ஸ்டால் ஒன்று ஞாபகம் வந்தது. ஐம்பது பை தைத்து எடுத்துப் போனோம். ஒரு பையிலாவது நாம் அரிசி போட்டுத் தூக்கிப் பார்த்தோமா? பார்க்கவில்லை. கைப்பிடி பிய்ந்த பையோடு ஒரு அம்மா மறுநாள் திரும்பி வந்தபோதுதான் பார்த்தோம். ஸ்டால் போட்டதில் நானும் ஒருத்தி, அதனால் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

1893-ல் பொம்மைத் தொழிற்சாலை என்று முறைப்படி பதிவு செய்தார். அதே ஆண்டு லைப்சிக் நகரின் பெரிய வணிகச் சந்தையிலும் சரக்கு வைத்தார். தொழில் வளர்ந்தபோது தம்பி மகன்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அதில் ரிச்சர்ட் என்பவர் 1897-ல் சேர்ந்தார். ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஓவியம், கைவினை படித்தவர். அங்கே மிருகக்காட்சிச் சாலைக்குப் போய் கரடிகள் நிற்பதையும் உட்காருவதையும் மணிக்கணக்கில் பார்த்து வரைந்து வைத்திருந்தார். 1902-ல் அந்தப் படங்களை வைத்து, கை கால் அசையும் கரடி பொம்மை ஒன்று செய்தார். துணியும் ஃபெல்ட் இல்லை, மோஹேர். அங்கோரா ஆட்டின் நீளமான பளபளப்பு ரோமத்தில் வெல்வெட் மாதிரி முடி நிற்க நெய்தது. கரடித் தோல் போலவே இருக்கும். விலையும் கூட. அத்தைக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அத்தையும் மருமகனும் ஒத்துப்போகாத இடம் இது, ஆனால் செய்யவே கூடாது என்று தடுக்கவில்லை பாருங்க.

1903-ல் லைப்சிக் சந்தையில் கரடியை வைத்தார்கள். சந்தை முடியப் போகிற நேரம் வரை யாரும் சீண்டவில்லை. கட்டிக்கொண்டு கிளம்புகிற சமயத்தில் அமெரிக்கக் கொள்முதல்காரர் ஒருவர் வந்து 3,000 கரடிக்கு ஆர்டர் கொடுத்தார் என்பது ஸ்டைஃப் குடும்பத்தில் சொல்லிவரும் கதை.

அமெரிக்காவில் கரடிக்கு ஏன் திடீர் மவுசு? 1902 நவம்பரில் அந்த நாட்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் வேட்டைக்குப் போனார். கட்டிப்போட்டிருந்த ஒரு கரடியைச் சுடச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். பத்திரிகையில் அதைக் கேலிச்சித்திரமாகப் போட்டார்கள். அவரைச் செல்லமாக 'டெடி' என்பார்கள். நியூயார்க் புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம், ரோஸ் மிக்டம் என்ற கணவன் மனைவி, கரடி பொம்மை ஒன்று தைத்து 'டெடியின் கரடி' என்று எழுதி வைத்தார்கள். நம்ம பிள்ளைகள் இன்றைக்கு 'டெட்டி பேர்' என்று கேட்டு அடம்பிடிக்கிறதே, பெயர் வந்தது அங்கிருந்துதான். ஆக, ஒரே நேரத்தில் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் பிறந்த பொம்மை இது. யார் முதல் என்ற சண்டை நமக்கு வேண்டாம்.

சொல்ல வேண்டியது அந்த முதல் கரடியின் குறையைப் பற்றி. கை காலை நூல் கயிற்றால் உடம்போடு கட்டியிருந்தார்கள். குழந்தை இழுக்க இழுக்கத் தொளதொளத்துப் போகும். அடுத்து உள்ளே இரும்புக் கம்பி கொடுத்தார்கள். அது உறுதிதான், ஆனால் கனம், கட்டி. பிள்ளைக்கு அணைத்துக்கொள்ள சுகமில்லை. 1905-ல் வட்டமாக வெட்டிய அட்டைத் தகடுகளை மூட்டில் வைத்து இணைத்தார்கள். லேசாகவும் ஆச்சு, சுழலவும் செய்தது. மூன்று வருஷத்தில் மூன்று தடவை மாற்றம். முதல் மாதிரிக் கரடி இன்றைக்கு உலகத்தில் ஒன்றுகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. மூன்றாவது முறையில் செய்த கரடிகள் நூறு வயது தாண்டியும் கை கால் அசைத்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கிடையில் 1903-ல் ஒரு தொழிற்கூடம் கட்டினார்கள். இரும்புச் சட்டம், சுவருக்குப் பதில் இரட்டைக் கண்ணாடி. தைக்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று யோசித்துக் கட்டியது. மார்கரெட் சக்கர நாற்காலியிலேயே மாடி வரை போய்வர சாய்தளமும் உண்டு. உள்ளே வேலை செய்த பெரும்பாலோர் இளம் பெண்கள். கண்ணாடி வழியே அவர்கள் தெரிவதால் ஊரார் அதற்கு 'கன்னிப் பெண்கள் மீன்தொட்டி' என்று பட்டப் பெயர் வைத்தார்கள். வேலைக்குப் போகும் பெண்ணைப் பார்த்துப் பெயர் வைக்கிற ஊர் எல்லா நாட்டிலும் உண்டு போல. அந்தக் கட்டிடம் இன்றும் கீங்கனில் நிற்கிறது.

இப்போது தலைப்புக்கு வருவோம். பொம்மை நன்றாக விற்றால் அடுத்து என்ன நடக்கும்? பார்த்து அதே மாதிரி செய்வார்கள். நம்ம பக்கத்தில் ஒருவர் சுங்குடிப் பை போட்டால் அடுத்த மாதம் நாலு கடையில் அதே பை தொங்குமே, அது மாதிரி. ஸ்டைஃப் பொம்மைகளில் முதலில் அட்டைச் சீட்டுத்தான் கட்டினார்கள். சீட்டு கிழிந்துவிடும், கடைக்காரரே பிய்த்துப் போடுவதும் உண்டு. 1904-ல் பிரான்ஸ் என்ற இன்னொரு தம்பி மகன் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பொம்மையின் இடது காதிலும் ஒரு சின்ன உலோக பட்டன் அடித்துவிடுவோம். முதலில் வந்த பட்டனில் யானை படம் இருந்தது, ஊசி மெத்தை யானையின் நினைவாக. பிறகு 'ஸ்டைஃப்' என்று எழுத்து வந்தது. 1905-ல் அதை முறைப்படி பதிவும் செய்துகொண்டார்கள்.

பட்டன் என்றால் வெறும் அழகுக்கு என்று நினைக்காதீங்க. அடித்த பிறகு பின்வாங்க முடியாது. தையல் பிரிந்தாலும், காது பிய்ந்தாலும், கண் கழன்றாலும் "இது நாங்க செஞ்சது இல்லை" என்று சொல்ல வழியில்லை. போலிக்காரனைத் தடுக்கப் போட்ட பட்டன், செய்கிறவரையும் கட்டிப்போட்டது. நம்ம குழுக்களில் லேபிள் அடிக்கலாமா என்று கேட்கிறபோதெல்லாம் செலவு எவ்வளவு ஆகும் என்றுதான் பேசுகிறோம். ஒரு லேபிளுக்குச் சில ரூபாய்தான் ஆகும், பெரிய விஷயம் இல்லை. திரும்பி வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் பதில் சொல்ல நம்மில் யார் உட்காரப் போகிறோம் என்பதைத்தான் முதலில் தீர்மான நோட்டில் எழுத வேண்டும்.

1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 12,000 கரடிகள் விற்றன, விருதும் வந்தது. 1907-ல் ஒரே ஆண்டில் 9 லட்சத்து 74 ஆயிரம் கரடிகள். மற்ற மிருகங்களையும் சேர்த்தால் 17 லட்சம். அவ்வளவையும் செய்தது யார்? தொழிற்கூடத்தில் 400 பேர். வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர்கள் 1,800 பேர்.

இந்த 1,800 என்ற எண்ணில் கொஞ்சம் நில்லுங்க. பீடி சுற்றுகிற அக்காவுக்கும், திருப்பூர் கம்பெனிக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிற தங்கைக்கும் இது என்ன வேலை என்று நான் விளக்க வேண்டியதில்லை. பீஸ் கணக்கு. வீட்டு விளக்கு, வீட்டு இடம், நடுவில் அடுப்பு, நடுவில் பிள்ளை. மார்கரெட் நல்ல முதலாளி என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது, நானும் மறுக்கவில்லை. ஆனாலும் காதில் இருக்கும் பட்டனில் ஒரு பெயர்தான் இருக்கு. தைத்த கை எது என்று பொம்மையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய வெற்றிக் கதைகளைப் படிக்கும்போது எனக்கு இந்த இடத்தில் எப்பவும் ஒரு நெருடல். நம்ம கூட்டமைப்பு ஆர்டர் எடுத்துக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது நாமும் ஒரு சின்ன முதலாளி இடத்தில்தான் உட்காருகிறோம், அதைப் பற்றி ஒரு நாள் மனம் திறந்து பேசணும்.

மார்கரெட் 1909 மே 9-ல் நிமோனியாவில் இறந்தார், 61 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மகன்கள் தொழிலை நடத்தினார்கள். இரண்டு உலகப் போர் வந்தது, நடுவில் பொம்மை வேலையே நின்று போன காலமும் உண்டு. மறுபடி எழுந்தது. கீங்கனில் இன்றும் அந்தக் கம்பெனி இருக்கிறது. 2005-ல் பெரிய அருங்காட்சியகமும் திறந்தார்கள். நடுவில், கூலி குறைவு என்று வேலையில் ஒரு பகுதியைச் சீனாவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஒரு பொம்மையை ஒழுங்காகச் செய்யப் பழகவே மாதக்கணக்கில் ஆகிறது, பழகின ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார், கப்பலில் சரக்கு வந்து சேர நாளாகிறது என்று காரணம் சொன்னார்கள். கண்ணை ஒரு நூல் தள்ளி வைத்தால் கரடியின் முகமே அசடு வழியும், அதுதான் விஷயம். அதற்காக எல்லா வேலையும் ஜெர்மனிக்கே திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். துனிசியா நாட்டிலும் அவர்களுக்குத் தொழிற்கூடம் உண்டு.

இந்தப் பழைய பொம்மைகளுக்கு இன்றைக்கு என்ன விலை தெரியுமா? 1904 வாக்கில் செய்த ஸ்டைஃப் கரடி ஒன்று இங்கிலாந்தில் ஒரு பையன் கைக்கு வந்தது. அவர் வளர்ந்து ராணுவ அதிகாரியாகி வயதாகி இறக்கும் வரை அதை வைத்திருந்தார். அந்தக் கரடி 1994 டிசம்பரில் லண்டனில் ஏலம் போனது. 1 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. அன்றைய மதிப்பில் நம்ம பணம் 50 லட்சத்துக்கு மேல். வாங்கினவர் ஜப்பானியர், பொம்மை அருங்காட்சியகத்துக்காக வாங்கினார். 50 லட்சம் ஒரு பொம்மைக்கா என்று எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் பழைய பொம்மை வாங்குகிறவர்கள் எப்படிப் பார்த்து வாங்குகிறார்கள் என்று படித்தபோது, அவர்கள் பார்ப்பது முழுக்கத் தையல்காரி பார்க்கிற விஷயங்கள்!

முதலில் இடது காதில் பட்டன் அல்லது பட்டன் இருந்த ஓட்டை. பிறகு உடம்பு: பழைய ஸ்டைஃப் கரடிக்கு முழங்கால் வரை நீளக் கை, நீண்ட மூக்கு, நிஜக் கரடி போல முதுகில் ஒரு திமில். கண் என்றால் காலணிக்குப் போடுகிற கறுப்பு பட்டன், கண்ணாடிக் கண் பின்னால் வந்தது. அமுக்கினால் மொறமொறவென்று சத்தம் வரும். உள்ளே பஞ்சு இல்லை, இழை இழையாகச் சீவிய மெல்லிய மரச்சீவல். குச்சியால் குத்திக் குத்தி இறுக அடைத்திருப்பார்கள். அதனால்தான் நூறு வருஷம் ஆகியும் உருவம் தொங்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது முகத்தின் தையல். மோஹேர் விலை அதிகம் என்று சொன்னேன் இல்லையா, ஒரு விரல் துணிகூட வீணாகக் கூடாது. ஒரு அகலத் துணியில் பேட்டர்னை எப்படித் திருப்பித் திருப்பி அடுக்கினாலும் தலையின் நடுப்பட்டை ஆறு கரடிக்குத்தான் முழுசாகக் கிடைத்தது. ஏழாவதுக்குத் துணி பத்தவில்லை. மிச்சத்தில் இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். அதனால் ஏழில் ஒரு கரடிக்கு நெற்றியிலிருந்து மூக்கு வரை நடுவில் ஒரு தையல் ஓடும். தைத்த பெண்ணுக்கு அது கூடுதல் வேலை, ஒட்டுத்துணி. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் அந்த நடுத்தையல் கரடியைத்தான் தேடிப் பிடித்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஏழில் ஒன்றுதானே கிடைக்கும்!

நம்ம குழுக்களில் சிலர் பொம்மை செய்ய விருப்பம் தெரிவித்திருக்கீங்க. அவர்களுக்கு ஒரு தகவல். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு இருக்கிறது. அதனால் துணி வாங்குவதற்கு முன் பதிவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்க. விலக்கு இருந்தாலும் சின்னப் பிள்ளை பொம்மைக்கு பட்டன் கண் வேண்டாம், கடித்துப் பிடுங்கி விழுங்கிவிடும். கண்ணை நூலால் எம்பிராய்டரி போட்டுவிடுங்க.

அந்தத் தங்கை விஷயத்தைச் சொல்லி முடிச்சுடறேன். அடுத்த கூட்டத்தில் மார்கரெட் கதையைச் சொன்னேன், அன்றைக்கு நான் தலையாட்டியது தப்பு என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே மேடம் இருக்கு, மிஷினைத் திருப்ப வேண்டியதில்லை" என்றார். மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் மிஷின் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். எழுதியது அவர்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் குழுவிலும் அப்படி யாராவது இருந்தால் தேசிய அடையாள அட்டை நகலோடு என்னிடமோ கூட்டமைப்பு அலுவலகத்திலோ சொல்லுங்க. மிஷின் வரும் வரை கட்டிங் வேலையைக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வருகிற பயிற்சிக்கு எல்லோரும் வீட்டில் கிடக்கிற பிட் துணிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாங்க. முதலில் யானைதான் வெட்டப் போகிறோம்.